"மாட்டுக்குத்தானே!" – பாலில் வரும் பூஞ்சை நஞ்சும் நம் பொறுப்பும்

 



அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66-வது வசனத்தில் அல்லாஹ் பாலைப் பற்றிப் பேசுகிறான். கால்நடைகளில் நமக்குப் படிப்பினை இருக்கிறது என்கிறான். அவற்றின் வயிற்றில் சாணத்துக்கும் இரத்தத்துக்கும் நடுவிலிருந்து கலப்பற்ற பாலை, குடிப்பவர்களுக்கு இதமானதாக நமக்குப் புகட்டுவதைச் சொல்லிக் காட்டுகிறான். அசுத்தமான இரண்டுக்கு நடுவில் இருந்து வந்தும் அவற்றின் நிறமோ வாடையோ ஒட்டாமல் வருகிறது. அல்லாஹ்வின் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டுக்குள் நாம் எதைத் திணிக்கிறோம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பால் கலப்படம் என்றதும் நமக்கு என்னென்ன நினைவுக்கு வருகிறது? தண்ணீர், யூரியா, சோப்புத்தூள், மாவு. மாதம் ஒரு முறையாவது அப்படி ஒரு வீடியோ நம் போனுக்கு வந்துவிடுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் முடிவு வெளியானது. குடிக்கப் பாதுகாப்பற்றது என்று சொல்லும் அளவுக்குக் கலப்படம் செய்யப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 12.

அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வில் யாரும் எதிர்பாராத இன்னொன்று வெளியே வந்தது. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்லடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. அந்த 368-இல் 88 தமிழ்நாட்டில் எடுத்தவை. இங்கே பரிசோதித்தது 551 மாதிரிகள். அதில் 88 என்றால் ஏறத்தாழ ஆறில் ஒன்று. டெல்லியில் 262-க்கு 38, கேரளத்தில் 187-க்கு 37. வீட்டு வாசலில் கறந்து ஊற்றும் பாலைவிட, பதப்படுத்திய பாலில்தான் இந்தப் பிரச்சினை அதிகம் தென்பட்டதாகவும் ஆணையம் சொன்னது.

இதை யாரும் பாலில் ஊற்றவில்லை. இது பசுவின் வழியாக வந்தது.

நஞ்சு வரும் வழி

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்ததாக வரலாற்று நூல்களில் வரும் சம்பவம் உங்களுக்குத் தெரியும். பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாய், அல்லாஹ் பார்க்கிறானே என்று மறுத்த மகள், அந்தப் பெண்ணைத் தன் மகன் ஆஸிமுக்கு உமர் (ரலி) மணமுடித்து வைத்தது. பிறகு அவர்களின் வழித்தோன்றலாக உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) பிறந்தார்கள். பால் என்றாலே மிம்பரில் இந்தச் சம்பவம் வந்துவிடும். அந்தப் பெண்ணின் முன் இருந்தது தண்ணீர்ச் செம்பு. தவறு எது, சரி எது என்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்று பால் கெடும் இடமோ கறக்கும் பாத்திரமே இல்லை. அதற்கு வெகு தூரம் முன்னால், தீவன மூட்டையில் கெடுகிறது.

நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை போன்றவை சரியாகக் காயாமலோ, மழையில் நனைந்தோ, ஈரத் தரையில் மூட்டையாகக் கிடந்தோ இருந்தால் அவற்றில் பூஞ்சை பிடிக்கும். அதில் ஒரு வகையான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், மஞ்சளும் பச்சையுமாகத் தூள் போல இருக்கும். அது உண்டாக்கும் நஞ்சுக்குத்தான் அஃப்லடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் போய் முடிந்தது. அப்போதுதான் உலகம் இந்த நஞ்சை அடையாளம் கண்டது. நம் நாட்டிலேயே 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில், பருவம் தப்பிய மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட ஏழை மக்களுக்குக் கல்லீரல் பாதித்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் இறந்தன.

மாடு இந்த நஞ்சுள்ள தீவனத்தைத் தின்றால், அதன் கல்லீரல் நஞ்சை வேறு வடிவமாக மாற்றுகிறது. அந்த மாறிய வடிவத்தைத்தான் எம்1 என்கிறார்கள். தீவனத்தில் இருந்ததில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, நன்றாகக் கறக்கும் மாடாக இருந்தால் ஆறு பங்கு வரைகூட, பாலில் இறங்குகிறது. காலையில் தின்றால் மறுநாள் பாலுக்குள் வந்துவிடும்.

இந்த நஞ்சு கொதிக்க வைத்தால் போகாது. பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் சூட்டிலும் அழியாது. தயிரானாலும் உள்ளேயே இருக்கும். பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை இருப்பதால், பனீர், சீஸ் ஆக்கும்போது அதில் இன்னும் செறிந்து சேரும். பால் பல வீடுகளில் இருந்து ஒரே டேங்கில் சேர்கிறது. ஆகவே ஒரு தொழுவத்தில் போட்ட கெட்ட புண்ணாக்கு, அந்த ஊரையே தெரியாத ஒரு குழந்தையின் டம்ளர் வரை போகும்.

நம் நாட்டில் அனுமதித்த அளவு ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம். அதாவது பத்து லட்சம் டன் பாலில் அரை கிலோ. ஐரோப்பிய நாடுகளில் இதிலும் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? அஃப்லடாக்சின்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. கல்லீரலைத்தான் அது குறிவைக்கும். மஞ்சள் காமாலை பி வைரஸ் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. பாலில் வரும் எம்1, தீவனத்தில் உள்ள மூல நஞ்சைவிட வீரியம் குறைந்தது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு டம்ளரில் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஆனால் பாலை அன்றாடம், உடல் எடைக்கு மிக அதிகமாகக் குடிப்பவர்கள் யார்? நம் பிள்ளைகள்.

கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்)

அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும், முஸ்லிமில் பதிவான அந்த ஹதீஸை இந்த இடத்தில் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். மேலே பார்த்தால் நல்ல தானியம். அவர்கள் தம் கையை உள்ளே நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்கிறார்கள். மழை பட்டுவிட்டது, அல்லாஹ்வின் தூதரே என்கிறார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரிக்கிறார்கள்.

இந்த ஹதீஸை நாம் பொதுவாக 'ஏமாற்று வியாபாரம்' என்ற தலைப்பில் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். எது ஈரமாக இருந்தது என்பதை யோசித்தோமா? தானியம். ஈரம் பட்ட தானியம் நான்கு நாளில் என்ன ஆகும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். மழை பெய்வித்தது அல்லாஹ். அதற்காக அந்த வியாபாரியை நபியவர்கள் கண்டிக்கவில்லை. நனைந்ததைக் காய்ந்ததின் அடியில் வைத்தாரே, அதைத்தான் கண்டித்தார்கள்.

கடலை, புண்ணாக்கு, தீவன வியாபாரத்தில் நம் சமுதாயத்துச் சகோதரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கடலையை உடைத்துத் தரம் பிரிக்கும்போது முதல் தரம் கடைக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது தனியாக ஒதுங்குகிறது. ஒதுங்கியது குப்பைக்கா போகிறது? பெரும்பாலும் எண்ணெய் ஆட்டப் போகிறது. ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்கிவிடும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. "மனுசன் திங்க ஆகாது, மாட்டுக்குத்தானே!" என்ற ஒரு சொல்லில் எல்லோருடைய மனசாட்சியும் தூங்கிவிடுகிறது. மனிதன் தின்ன ஆகாது என்று நாமே ஒதுக்கியது, மாட்டைச் சுற்றிக்கொண்டு மனிதனிடமே வந்து சேருகிறது.

மாட்டுக்கு மட்டும் அது ஆகுமா என்ன? முதலில் கெடுவது அதன் கல்லீரல்தான். பால் குறையும், சினை பிடிப்பதில் சிக்கல் வரும், கன்று தேறாது. வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளும்படி, வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் ஹதீஸில், உயிரினங்களுக்குச் செய்யும் உதவிக்குக் கூலி உண்டு என்று சொல்லும்போது நபியவர்கள் பயன்படுத்திய வார்த்தையின் நேர்ப்பொருள் 'ஈரமான கல்லீரல் உள்ள ஒவ்வொன்றும்' என்பது. அரபியில் உயிருள்ளதைக் குறிக்கும் வழக்கு அது. ஆனாலும் இந்த நஞ்சைப் பற்றிப் படித்த பிறகு அந்த ஹதீஸை ஓதினால் கல்லீரல் என்ற சொல்லில் மனம் நின்றுவிடுகிறது.

மாடு தின்பது பாலில் வரும் என்பது நமக்குப் புதிதல்ல

ஃபிக்ஹில் 'ஜல்லாலா' என்று ஒரு பாடம் உண்டு. அசுத்தத்தையே முக்கிய உணவாகத் தின்று திரியும் பிராணிக்கு அந்தப் பெயர். அதன் இறைச்சியை உண்பதையும் அதன் பாலைக் குடிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீயில் வருகிறது. அந்தத் தடை ஹராம் என்ற அளவிலா, மக்ரூஹ் என்ற அளவிலா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நமக்கு இங்கே தேவை அதன் அடிப்படை. பிராணி ஹலால்தான், பால் ஹலால்தான். ஆனாலும் அது எதைத் தின்றது என்ற கேள்வியை மார்க்கம் 1400 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது. பரிகாரத்தையும் சொல்லியிருக்கிறது: அதைக் கட்டிவைத்துச் சுத்தமான தீனி போடு, தூய்மையானதும் பயன்படுத்து. இப்னு உமர் (ரலி) அவர்கள் அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைப்பார்கள் என்று வருகிறது.

பூஞ்சைத் தீவனத்தை நிறுத்தி நல்ல தீவனம் போட்டால் மூன்று நான்கு நாளில் எம்1 பாலில் இருந்து ஏறத்தாழ மறைந்துவிடும். உடனே இதை 'அறிவியல் அதிசயம்' என்று எழுதி குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று நாள் கோழிக்கு, அதுவும் நஜீஸைத் தின்றதற்காக. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு நஜீஸ் அல்ல. ஜல்லாலாவின் சட்டத்தை அப்படியே இதற்குப் பொருத்த முடியாது. இதற்குப் பொருந்துவது வேறு சட்டம்: தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைக்கவும் கூடாது என்று நபியவர்கள் வகுத்தது. ஆனால் வழி ஒன்றுதான். தீனியைச் சரி செய்தால் பால் சரியாகிவிடும், அதுவும் ஒரே வாரத்துக்குள்.

ஒரு வியாபாரி இப்படிக் கேட்கலாம்: "நான் எதையும் மறைக்கவில்லை. பூஞ்சை பிடித்தது என்று சொல்லித்தான், விலை குறைத்துத்தான் விற்றேன். வாங்கியவர் தெரிந்துதான் வாங்கினார். என் மீது என்ன குற்றம்?" நியாயமான கேள்வி. குறையுள்ள பொருளைக் குறையைச் சொல்லாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. இவர் சொல்லிவிட்டார், மோசடி என்ற குற்றத்தில் இருந்து தப்பினார். ஆனால் இந்த வியாபாரத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். பாலைக் குடிக்கப் போகிறவர். அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, விலையும் குறைக்கவில்லை. தீவனமாகத்தான் போகப் போகிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே அதைத் தீவனச் சந்தையில் விற்றால், வாங்கியவரிடம் சொன்ன உண்மை அந்த மூன்றாமவருக்கு நேரும் தீங்குக்குப் பதில் ஆகாது.

அந்த ஆய்வு வெளியான நேரத்தில் தீவனத்துக்குக் கட்டாயக் கட்டுப்பாடு நாட்டில் இல்லை என்று ஆணையமே சொன்னது. கலப்புத் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று உச்ச அளவு எழுதப்பட்டிருந்தாலும், சில்லறையாக எடை போட்டு விற்கும் புண்ணாக்கை யார் வந்து அளக்கிறார்கள்? அரசாங்கம் கைவிட்டுப் பார்க்காத குவியலில் கைவிட்டுப் பார்க்க வேண்டியது அந்தந்த வியாபாரிதான்.

மாடு வளர்ப்பவர்களுக்கு

உங்களில் பலர் ஒன்றிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர்கள். உங்களைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. புண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாதீர்கள். மரப்பலகை அடுக்கி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு வாங்கிக் குவிக்காமல் பத்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். மக்கிய வாடை அடித்தால், கட்டி தட்டியிருந்தால், பச்சைத்தூள் தெரிந்தால் அதைப் போடவே போடாதீர்கள். வெயிலில் காயவைத்துத் தட்டினால் பூஞ்சை உதிரும், நஞ்சு உதிராது. நல்ல தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்ப்பதும் கூடாது. சொந்தக் கடலை, சோளம் என்றால் ஈரப்பதம் நன்றாக இறங்கும்வரை காயவைத்துப் பிறகு மூட்டை கட்டுங்கள்; கடலைக்கு 8 சதவீதம் என்பது கணக்கு. பார்வைக்கு நன்றாக இருந்தும் நஞ்சு இருக்கலாம். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் மாதிரி அனுப்பும் வழியைச் சொல்வார்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பூசணம் பிடித்த ரொட்டி, கெட்டுப்போன சோறு இவற்றைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஜீவனுக்குக் கொடுத்த நன்மை என்று எண்ணிக்கொள்கிறோம். நாமே கண்ணை மூடிக்கொண்டால் தவிர வாங்கிக்கொள்ளாத மட்டமானதைத் தேடி எடுத்துத் தர்மம் செய்யாதீர்கள் என்று அல்பகரா 267-வது வசனத்தில் அல்லாஹ் சொல்வது மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு மட்டும் என்று ஏன் சுருக்க வேண்டும்?

இதில் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. ஒரு மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் விதவைத் தாய்க்கு, ஒரு மூட்டை புண்ணாக்கு கெட்டுப் போனால் அது ஒரு வாரச் சம்பாத்தியம். 'தூக்கி எறி' என்று மிம்பரில் இருந்து சொல்வது எளிது. வாங்கும்போதே அது கெட்டிருந்தால் நஷ்டம் அவருடையது அல்ல. குறை இருப்பது தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமையை மார்க்கம் கொடுத்திருக்கிறது. பால் நிறைய இருப்பதாகக் காட்ட மடியைக் கட்டிவைத்து விற்ற ஆட்டையும் ஒட்டகத்தையும்கூட, கறந்து பார்த்த பிறகு திருப்பிக் கொடுக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆகவே அந்த மூட்டையைத் திருப்பி எடுப்பது கடைக்காரர் செய்யும் சலுகை அல்ல, அவர் மீது கடமை. வீட்டில் வைத்த பிறகு கெட்டுப் போயிருந்தால், அந்த இடத்தில் ஜமாஅத்தின் பைத்துல்மால் நிற்கட்டும். ஒரு மூட்டை புண்ணாக்கின் விலை ஒரு மஹல்லாவுக்குப் பெரிய தொகை இல்லை. மஹல்லாவில் மாடு வைத்திருப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, நல்ல இடத்தில் மொத்தமாக வாங்கி, காய்ந்த ஓர் அறையில் வைத்துப் பிரித்துக்கொள்வதும் நடக்கக்கூடிய காரியம்தான்.

இன்று வீட்டில் இருக்கும் பாலை என்ன செய்வது?

குடியுங்கள். நூறு மாதிரியில் தொண்ணூற்று நான்குக்கு மேல் இந்த நஞ்சு அளவைத் தாண்டவில்லை என்பதும் அதே ஆய்வு சொன்ன செய்திதான். பாக்கெட் பால் ஹராம் என்றோ, இன்ன கம்பெனிப் பாலில் விஷம் என்றோ செய்தி பரப்பாதீர்கள். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்ற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. குழந்தைக்குப் பாலை நிறுத்திவிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுப்பது அதைவிடக் கெடுதல். பாலின் வாடையிலோ ருசியிலோ இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் மோந்து பார்த்துச் சண்டை போடவும் வேண்டாம். பால் ஊற்றுபவரிடம் மாட்டுக்கு என்ன தீவனம் போடுகிறார், எங்கே வைத்திருக்கிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தீவனம் போடுபவர் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்; அவரைக் கெட்ட புண்ணாக்கு வாங்க வைப்பதில் நம் பேரத்துக்கும் பங்கு உண்டு.

நபித்தோழர் அபூ ஹுமைத் (ரலி) நகீஃ என்ற இடத்தில் இருந்து ஒரு பாத்திரத்தில் பால் கொண்டு வந்தபோது, ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தாவது இதை மூடியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். கேட்டுவிட்டு அந்தப் பாலைக் கொட்டச் சொல்லவில்லை. மற்ற உணவை உண்டால், அதில் பரக்கத்தையும் அதைவிடச் சிறந்ததையும் கேட்கச் சொன்ன நபியவர்கள், பால் குடித்தால் மட்டும் இதையே இன்னும் அதிகமாக்கித் தா என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். உணவாகவும் பானமாகவும் நிற்பது பாலைத் தவிர வேறில்லை என்று காரணமும் சொன்னார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் அந்த துஆ அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை என்றால், இன்றிரவு டம்ளரைக் கையில் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.